கீழ்வீட்டு மல்லிகை

எங்கள் வீட்டில் முதன்முதல் மல்லிகை மணந்த நாள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிறிஸ்மஸுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. வேலையால் வந்து, பூட்ஸைக் கழற்றி உதறிவிட்டு நிமிர்கிறேன், மணம் மூக்கில் வந்து அடிக்கிறது. சென்ற் இல்லை, சாம்பிராணி இல்லை, கழிவறைக்கு அடிக்கிற ஸ்பிரே இல்லை. மல்லிகைதான். ஈரத்துணியில் சுற்றி வைத்த சரத்தை அவிழ்க்கும்போது குப்பென்று வருமே, அதே மணம். வீட்டில் ஒரு பூ இல்லை. யன்னல்கள் எல்லாம் இறுக்கிப் பூட்டிக் கிடந்தன.

குசினிக்குள் போனேன், அங்கே இல்லை. சாமியறைக்குள் போனேன், அங்கேயும் இல்லை. திரும்பி ஹோலுக்கு வந்தால், தரையில் இருக்கிற வென்ற்றுக்குள்ளால் சூட்டுக் காற்றோடு சேர்ந்து மேலே வந்துகொண்டிருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். கை மயிர் எழும்பி நின்றது. ஏனென்றால் அந்தச் சூட்டுக் காற்றை அனுப்புகிற ஃபேர்னஸ் கீழே பேஸ்மென்ற்றில் இருக்கிறது. பேஸ்மென்ற்றில் அப்போது ஆள் இல்லை.

ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் இந்த வீட்டை வாங்கின காலத்திலிருந்து பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டு வந்தோம். கடைசியாக இருந்தவர் தனி ஆள், எழுபது தாண்டிய ஒரு மனுசி. கீழ்வீட்டு அன்ரி என்போம். வெள்ளிக்கிழமை தவறாமல் பிளாசாவில் இருக்கிற எங்கள் ஆட்களின் கடைக்குப் போய் மல்லிகைச் சரம் வாங்கி வருவார். பாதி சாமிப் படத்துக்கு, பாதி அவருடைய தலைக்கு. புருசன் இல்லாத மனுசி பூ வைக்கிறாவே என்று கோயிலில் யாரோ முணுமுணுத்தபோது, "மனுசன் செத்தா பூவும் செத்துப் போச்சோ?" என்று அந்த இடத்திலேயே கேட்டுவிட்டு வந்தவர். எனக்கு அவரை நல்லாகப் பிடிக்கும். சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டு படியேறி வந்து, என் கொண்டையில் செருகிவிட்டுப் போவார். ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மகன் கல்கரியிலிருந்து வந்து சாமான்களை அள்ளிக்கொண்டு போனார். ஒரு கதிரையையும் அடுப்பில் கிடந்த பழைய சோஸ்பானையும் மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

நான் படியேறி மேலே ஓடினேன். என் கணவர் கட்டிலில் படுத்திருந்தார். கார்த்திகை மாதம் எங்கள் எல்லாரையும் ஒரு காய்ச்சல் போட்டு அடித்துவிட்டுப் போயிருந்தது. அவரைக் கொஞ்சம் கூடவே அடித்தது. வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்றாலும், வந்தவுடன் போய்ப் படுத்துவிடுவார்.

"இஞ்சாருங்கோ, உதென்ன மணம்?"

"என்ன மணம்?"

"மல்லிகை மணக்குதப்பா. வீடு முழுக்க."

அவர் எழும்பி உட்கார்ந்தார். கண்ணை மூடி, நெஞ்சு நிரம்ப மூச்சை இழுத்தார். பிறகு ஒரு தரம், பிறகும் ஒரு தரம். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை," என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் அதை நம்பவில்லை. எப்படி நம்புவது? அந்த மனுசனுக்குச் சோறு போட்டதே மூக்குத்தான். டவுன்டவுனில் ஒரு தென் அமெரிக்க றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவத் தொடங்கி, படிப்படியாக ஏறி, மீன் பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர். காலையில் மீன் பெட்டி வந்து இறங்கினால் இவர் செவுளைத் தூக்கி ஒரு தரம் முகர்ந்து பார்த்து, "இது நேற்றையான்" என்று சொன்னால் பெட்டி திரும்பிப் போகும். அங்கே பேர் போன சாப்பாடு செவிச்சே. பச்சை மீனைத் தேசிக்காய்ப் புளியில் ஊற வைத்துக் கொடுப்பது, அடுப்பில் வைப்பதே இல்லை. ஆகவே மூக்குப் பிழைத்தால் ஆட்கள் ஆஸ்பத்திரியில்தான். முதலாளி அவருடைய மூக்கை நம்பித்தான் கடையைத் திறந்தார் என்று சொன்னால் பொய்யில்லை.

வீட்டிலும் அப்படித்தான். நான் பல் வைத்தியரிடம் றிசெப்ஷனில் வேலை செய்கிறேன். அந்த இடத்துக் கிராம்பு எண்ணெய் மணம் உடுப்பில் ஏறிவிடும். எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். நான் முன்கதவைத் திறந்தவுடன் மேலிருந்து ஒரு குரல் வரும்: "கிராம்பு வந்திட்டுது!" அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அந்தக் குரல் வரவேயில்லை. உடம்பு சுகமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. அவர் அந்த றெஸ்ரோறன்ற்றில் சேர்ந்த புதிதில் நடந்த கதை ஒன்று உண்டு. எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் சொல்லாமல் வரமாட்டார். ஒரு சனிக்கிழமை, ஆட்கள் நிரம்பி வழிகிற நேரம், முதலாளி குசினிக்குள் ஓடிவந்து தலையில் கையை வைத்துக்கொண்டு, "ரொறன்ரெஸ் இஸ் ஃபினிஷ்ட்!" என்று கத்தினாராம். கோப்பை கழுவிக்கொண்டு நின்ற இவர், ஊருக்குள் குண்டு விழுந்துவிட்டது என்று நினைத்துச் சவர்க்காரக் கையோடு ஜாக்கெற்றைத் தேடினாராம். ஊரில் நடந்த சண்டைக்குள்ளால் வந்த ஆளுக்கு, ரொறன்ரோ முடிந்தது என்றால் வேறென்ன விளங்கும்? முதலாளி சொன்னது ஒரு வைனின் பெயர். ஆர்ஜென்ரீனாவிலிருந்து வருகிற வெள்ளை வைன், ரொறன்ரெஸ். அது தீர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பால் முடிந்தாலும் அரிசி முடிந்தாலும் "ரொறன்ரோ முடிஞ்சுது" என்பதுதான் பேச்சு. அந்த மாரியில் பால் முடிந்தால் இவர் பேசாமல் வெற்றுப் பெட்டியைக் குப்பையில் போட்டார்.

புதுவருசம் பிறந்த பிறகு மல்லிகை அடிக்கடி வரத் தொடங்கியது. நான் வேலையால் வருகிற நேரம், வெளியே இருட்டிக்கொண்டு வருகிற நேரம், அப்போதுதான் கூட. ஒருநாள் வரும், இரண்டு நாள் வராது. வராத நாளில்தான் எனக்குக் கூடப் பயம். எந்த வென்ற்றுக்குள்ளால் எப்போது வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே தேங்காய் துருவுவேன். மகளின் அறைக்குள்ளும் போனது. அவள் இங்கே பிறந்த பிள்ளை, பேய் பிசாசு என்றால் சிரிப்பாள். அவளே ஒருநாள் படியில் நின்று, "அம்மா, வென்ற்ல இருந்து வருது. லைக், சம்படி இஸ் டவுன் தேர்," என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

பிக்கறிங்கில் இருக்கிற என் அக்காவுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. எனக்குப் புத்தி எப்போதும் பிந்தித்தான் வரும்.

"அது அவதான்," என்றா அக்கா. "பூ வைச்ச ஆள். போக மனமில்லாமல் நிக்கிறா."

"அவ செத்தது ஆஸ்பத்திரியிலயக்கா."

"சாகிறது எங்கையெண்டாலும் வாறது வீட்டுக்குத்தானேடி. எல்லாருக்கும் மணக்குதோ?"

"எனக்கும் பிள்ளைக்கும் மணக்குது. இவருக்கு மணக்கேல்லையாம்."

அக்கா குரலைத் தாழ்த்தினா. அக்கா மெதுவாகப் பேசுவது எங்கள் குடும்பத்தில் அபூர்வம்.

"ஆருக்கு மணக்கேல்லையோ, அவரைத்தான் அது பிடிச்சிருக்கு," என்றா. "உன்ர மனுசனைக் கவனமாப் பார்."

இந்தச் சட்டத்தை அக்கா எங்கே படித்தாவோ எனக்குத் தெரியாது. "விசர்க்கதை கதைக்காதையுங்கோ" என்று போனை வைத்தேன். ஆனால் அன்றையிலிருந்து மனுசனைக் கவனமாகத்தான் பார்த்தேன்.

ஒரு காலையில் பால் பொங்கி, அடிப்பிடித்து, கருகி, வீடு முழுக்கப் புகை. இவர் அடுப்புக்கு முன்னாலேயே யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் ஓடிவந்து அடுப்பை நிற்பாட்டின பிறகுதான் திரும்பிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளைமீன் வாங்கி வந்து அவரே கறி வைத்தார். மூடியைத் திறந்தால் நாற்றம் குடலைப் புரட்டியது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டுச் சிங்குப் பக்கம் ஓடினாள். இவர் குனிந்த தலை நிமிராமல் அந்தக் கறியை உருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டைப் பறித்தேன். "என்னப்பா உங்களுக்கு? பழுதாப் போன மீன் எண்டு தெரியேல்லையே?" அவர் என்னைப் பார்த்த பார்வை என் மனுசனுடைய பார்வை இல்லை. கண்ணுக்குள்ளே ஆள் இல்லாதது போல் இருந்தது.

இதெல்லாவற்றையும் விட ஒன்று. ஒரு விடியற்காலை முழிப்பு வந்து பார்க்கிறேன், பக்கத்தில் ஆள் இல்லை. அலுமாரிக் கதவு திறந்து கிடக்கிறது. இவர் அதற்கு முன்னால் நின்று, நான் வேலைக்குப் போடுகிற நீலச் சட்டையை முகத்தில் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. இழுத்து, இழுத்து, இழுத்து. நான் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு நித்திரை போலக் கிடந்தேன். கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அந்த மனுசனுக்கு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய பனிப்புயல் அறிவித்தார்கள். கிளினிக்கைப் பின்னேரம் மூன்று மணிக்கே பூட்டிவிட்டார்கள். நான் வழமையை விட முந்தி வீட்டுக்கு வந்தேன். இவருடைய பூட்ஸ் வாசலில் கிடந்தது. இவர் விடிய வெள்ளன வேலைக்குப் போய், மதியம் திரும்பினதும் வந்துவிடுவார், அதில் புதினம் இல்லை. மல்லிகைதான் புதினம். அன்றைக்கு அது மணம் இல்லை, ஒரு சுமை. தொண்டைக்குள் இறங்கியது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. மேலே போய்ப் பார்த்தேன், கட்டில் வெறுமை. திரும்பி வரும்போது கண்டேன், பேஸ்மென்ற் கதவு நீக்கலாகத் திறந்திருந்தது. கீழே மங்கலாக ஒரு வெளிச்சம்.

போயிருக்கக்கூடாதுதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் பயம் பின்னுக்குப் போய்விடும். என் வீடு, என் படி, என் மனுசன். செத்த ஆளென்றால் என்ன, உயிரோடு இருக்கிற ஆளென்றால் என்ன, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது என்று இறங்கினேன். அன்ரிக்கு என்னில் விருப்பம், ஒன்றும் செய்யமாட்டா என்றும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். படி ஒவ்வொன்றிலும் மணம் கூடிக்கொண்டே வந்தது.

கடைசிப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுக் குசினியில் அடுப்புக்கு மேலே இருக்கிற சின்ன லைற் மட்டும் எரிந்தது. அதற்குக் கீழே, அன்ரி விட்டுவிட்டுப் போன கதிரையில், ஒரு உருவம் இருந்தது. தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்திலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளைத் துணி. துணியின் ஓரங்களால் வெண்புகை கசிந்து, மேலே எழும்பி, சுவரில் இருந்த காற்றுக் கிராதிக்குள் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஃபேர்னஸ் உறுமிக்கொண்டிருந்தது. துணிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. இழுத்து, இழுத்து, இழுத்து.

"ஆரது?" என்றேன்.

துணி அசைந்தது. "நான்தானப்பா," என்றது உள்ளிருந்து என் மனுசனுடைய குரல்.

"என்ன செய்யிறியள் உதுக்குள்ள?"

"ஆவி பிடிக்கிறன்."

நான் அப்படியே படியில் குந்திவிட்டேன். தடிமனுக்கு வெந்நீர்ப் பானைக்கு மேலே போர்த்திக்கொண்டு நீராவியை இழுப்பதை எங்கள் பக்கத்தில் வேது பிடிப்பது என்றும் சொல்வோம், ஆவி பிடிப்பது என்றும் சொல்வோம். அந்த அறுந்த மனுசன் வேது என்று சொல்லியிருந்தால் என் சீவன் பாதி போயிருக்காது. உலகத்தில் இருக்கிற சொல்லையெல்லாம் விட்டுவிட்டு, அந்த இருட்டுக்குள், அந்த மணத்துக்குள், ஆவி என்றார்.

அவர் படுக்கை விரிப்பைத் தலையிலிருந்து இழுத்தார். முகம் வேர்த்து வடிந்தது, கண் சிவந்திருந்தது. முன்னால் அன்ரியின் சோஸ்பான். அதற்குள் தண்ணீர் இல்லை, வெளிர் மஞ்சளாக ஏதோ சூடாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு போத்தல். நான் எட்டிப் பெயரை வாசித்தேன். முதல் பார்வைக்கு ரொறன்ரோ என்றுதான் இருந்தது.

"உமக்கு மணக்குதே?" என்று கேட்டார்.

"மணக்குதோ? ரெண்டு மாசமா வீடு முழுக்க மல்லிகை மணந்து நானும் பிள்ளையும் செத்துப் பிழைக்கிறம்! கேக்கிறியளே, மணக்குதோ எண்டு?"

"மேல வரைக்குமே?" அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. "எனக்கு ஒண்டும் தெரியேல்லையப்பா. காய்ச்சலுக்குப் பிறகு ஒண்டுமே தெரியேல்லை. புளி தெரியுது, உப்புத் தெரியுது, உறைப்புத் தெரியுது. கறி தெரியேல்லை."

அப்படிச் சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன். விஷயம் இதுதான். ரொறன்ரெஸ் என்கிற அந்த வைனைப் போல வாசம் வீசுகிற வெள்ளை வைன் அவருக்குத் தெரிந்து வேறில்லை. மலையில் உயரத்தில் விளைகிற திராட்சையாம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் பட்டுப்பட்டு, மல்லிகையும் றோசாவும் ஒறேஞ்ச் பூவுமாக மணக்குமாம். றெஸ்ரோறன்ற்றில் போத்தலைத் திறந்தாலே பக்கத்து மேசை திரும்பிப் பார்க்குமாம். குளிர வைத்தால் மணம் அடங்கும், சூடாக்கினால் எழும்பும் என்பது சமையல்காரனுக்குத் தெரியாதா? இது மூக்கில் ஏறினால் தன்னுடைய மூக்கு உயிரோடு இருக்கிறது, ஏறாவிட்டால் இல்லை. அந்தச் சோதனையைத்தான் வேலையால் வந்த பின்னேரங்களில் எங்களுக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்தார். ஃபேர்னஸ் அந்த ஆவியை இழுத்து வீடு முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. பரப்பியது எல்லாருக்கும் தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. என்னுடைய நீலச் சட்டைக்குள் தேடினது கிராம்பை.

"அப்ப மீன்?" என்று கேட்டேன். "வேலையில மீனை எப்பிடிப் பாக்கிறியள்?"

"கண்ணைப் பாக்கிறன். செவுள் நிறத்தைப் பாக்கிறன். அமத்திப் பாக்கிறன்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒவ்வொரு நாளும் கடவுளே கடவுளே எண்டுதான் பெட்டியை உள்ள எடுக்கிறன்."

முதலாளிக்குச் சொல்லுங்கோ என்றேன். சொன்னால் மீன் பகுதி போய்விடும், இத்தனை வருச உழைப்பும் போய்விடும், திரும்பவும் கோப்பை கழுவுகிற சிங்குக்குத்தான் என்றார். யாருக்காவது ஒன்று நடந்தால் என்று கேட்டேன். சண்டை பிடித்தோம். கடைசியில், தோள்மூட்டு நோகிறது, பெட்டி தூக்க முடியாது என்று முதலாளிக்குச் சொல்லி எம்பனாடா மா குழைக்கிற மேசைக்கு மாறினார். எம்பனாடா என்றால் எங்கள் பற்றிஸ் மாதிரித்தான், இறைச்சியை உள்ளே வைத்து மடிப்பது. பங்குனி முடியும் வரைக்கும் தவணை. அதற்குள் மூக்கு வராவிட்டால் உண்மையைச் சொல்வது என்று சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினேன்.

ஒன்றை மட்டும் அன்றைக்குக் கேட்காமல் விட்டுவிட்டு, பிறகு ஒருநாள் கேட்டேன். "கிறிஸ்மஸுக்கு முதலே உந்த வேலையைத் தொடங்கிட்டியள் என்ன?"

"இல்லையே," என்றார். "புதுவருசத்துக்கு வேலையில ஒரு போத்தல் தந்தாங்கள். அதிலதான் தொடங்கினனான். நீர் முதல் முதல் வந்து மணக்குது எண்டு சொன்ன அண்டைக்குத்தான் எனக்கே தெரியும், தடிமன் அடைப்பு இல்லை, மூக்கே போயிட்டுதெண்டு."

நான் அதற்கு மேலே கேட்கவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை. கிறிஸ்மஸுக்கு முதல் மணந்தது என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சூடாக்குகிற வேலையை நிற்பாட்டி, மேலே மேசையில் வைத்துக் குளிராகவே ஊற்றினோம். குடி என்பதே தெரியாத நான் அந்த மனுசனுக்காக மூக்கானேன். முதல் வாயிலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மணம் தேன் மாதிரி இனிக்கப் போகிறது என்று சொல்லும்; வாய்க்குள் போனால் இனிப்பே இல்லை, தேசிக்காய்த் தோலைக் கடித்தது போல ஒரு புளிப்பும் கடைசியில் மெல்லிய கசப்பும். "பொய் சொல்லுது உது," என்றேன். "மூக்குக்கு ஒண்டு, வாய்க்கு ஒண்டு." அவர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். "அந்த வாய் மட்டும்தான் எனக்குத் தெரியுது," என்றார். சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் முதலாளி இவரை ஒரு வேலைக்குப் பிடித்தார். வசந்தகாலப் புது மெனுவில் இந்த ரொறன்ரெஸுக்குப் பொருத்தமான ஒரு மீன் சாப்பாடு வேண்டும், நீதான் பழைய ஆள், நீ யோசி என்றாராம். பாருங்கள் கூத்தை. மூக்கில்லாத மனுசனிடம் மணத்துக்குப் பொருத்தம் கேட்கிறார்கள்.

ஆகவே சனி ஞாயிறுகளில் எங்கள் குசினியில் பொருத்தம் பார்த்தோம். அவர் சமைப்பார், நான் முகர்ந்து, குடித்து, சாப்பிட்டுச் சொல்வேன். ஆட்டிறைச்சிக் கறியோடு வைத்தால் வைன் இருந்த இடமே தெரியவில்லை. நண்டுக் கறியின் தூள் உறைப்போடு சேர்ந்து தொண்டை எரிந்தது. பொரித்த இறாலுக்குத் தேசிக்காய் பிழிந்து வைத்தபோது நிமிர்ந்து இருந்தேன். கணவாய்க்கும் நல்லாக இருந்தது. பிறகு ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சை மிளகாய், இறக்கும்போது தேசிக்காய்ப் புளி. ஒரு கரண்டி சொதியைக் குடித்துவிட்டு வைனை ஒரு மிடறு குடித்தேன். வைனின் பொய் நின்றுவிட்டது. மூக்கும் வாயும் ஒன்றையே சொன்னன. "இதுதானப்பா!" என்று மேசையில் தட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில்தான் அவர் அதை உருசி பார்த்தார்.

பச்சை மீனைத் தேசிக்காய்ப் புளியில் ஊற வைத்து, மேலே ஆறின கெட்டிச் சொதியை ஊற்றினார். அதுதான் அவருடைய செவிச்சே. முதலாளி ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு மிடறு வைன் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். பிறகு சொன்னாராம், இது உன்ர மீன், வேறு ஆர் கையும் படக்கூடாது, திங்கட்கிழமை திரும்பவும் மீன் பகுதிக்கு வா, ஞாயிறு பின்னேரத்துக்குள் பதில் சொல். நல்லாகச் செய்ததற்குக் கிடைத்த தண்டனை. தவணையும் அந்தக் கிழமையோடு முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி உருகி, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் மதியச் சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். இவர் ஹோலுக்குள் வந்து, சடாரென்று நின்றார். மூக்கு விரிந்தது.

"இஞ்சாருமப்பா," என்றார் மெதுவாக. "மணக்குது."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மல்லிகை மணக்குதப்பா! கடவுளே! நல்லா மணக்குது, உமக்கு மணக்கேல்லையே?" அவர் வென்ற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சிரிக்கிறார், அழுகிறார், பிறகும் சிரிக்கிறார்.

நான் மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. சோறு வடித்த மணமும் சவர்க்கார மணமும்தான். வீட்டில் கடைசிப் போத்தல் தீர்ந்து இரண்டு கிழமை. கீழே ஓடிப் போய்ப் பார்த்தேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது, சோஸ்பான் காய்ந்து கிடந்தது. அன்ரியின் கதிரை மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நாங்கள்தான் எப்போதோ திருப்பி வைத்திருப்போம்.

மேலே வந்து, பேசாமல் ஃபிறிட்ஜைத் திறந்தேன். நடுக்கிழமை வாங்கி மறந்துபோன மீன் துண்டு ஒன்று பின்னுக்குக் கிடந்தது. பையை அவிழ்த்தவுடன் எனக்குக் குமட்டியது. அவருடைய மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். "இதைச் சொல்லுங்கோ."

ஆசையோடு முகர்ந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகும் முகர்ந்தார்.

"மல்லிகை," என்றார்.

கோப்பித்தூள் போத்தலைத் திறந்து நீட்டினேன். மல்லிகை. வெங்காயத்தை வெட்டி நீட்டினேன், கண்ணால் தண்ணீர் ஓடியது, மல்லிகை. சவர்க்காரம், கருவாடு, அவருடைய சொந்தக் கை. எல்லாம் மல்லிகை. எனக்கு இனி அடுத்த சாமானை எடுக்கக் கை வரவில்லை. அக்கா சொன்ன விசர்க்கதை மனதுக்குள் வந்து நின்றது, அதைத் துரத்தவும் எனக்குத் தெம்பு இல்லை.

இவர் கொஞ்ச நேரம் மீன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவித் துடைத்து, போனை எடுத்து முதலாளிக்கு அடித்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். தோள்மூட்டு நோ இல்லை என்றார். மூக்கு என்றார். நொவெம்பரிலிருந்து என்றார். பிறகு முதலாளி, ஐ ஆம் சொறி மை ஃப்ரெண்ட் என்றார், நாளைக்கு வந்து கதை என்றார். கோபமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார்.

"ரொறன்ரோ முடிஞ்சுது," என்றார்.

எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. கிட்டப் போய் அவருடைய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவர் என் கழுத்துக்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். அலுமாரிக்கு முன்னால் நின்று இழுத்தாரே, அதே மாதிரி, இழுத்து, இழுத்து. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கவும் வேண்டும், கேட்கவும் கூடாது.

"கிராம்பு," என்றார்.

நான் அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் கிளினிக் பக்கம் போகவேயில்லை, காலையில்தான் தலைக்குக் குளித்திருந்தேன்.